மீனாவுக்கு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நீந்தி முடித்த சேதி

என் செல்ல மீனா,

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் நுரைத்து வருகிறது. நீ இருந்தால் ஆபீசுக்கு நேரமானாலும் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திப் பார்த்திருப்பாய். ஆனால் நான் எழுதுவது வேறு சேதிக்காக. திருச்சிப் போட்டியில் நீந்தி முடித்துவிட்டேன்!

நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நீச்சல்குளத்துக்குப் போவோம் என்று யார் நினைத்தார்கள்? முதுகுவலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, கல்லூரிக் காலத்தில் போட்டிகளில் நீந்திய உன்னை இழுத்துக்கொண்டு போனேன். முதல் நாளே சிரித்தாய்: "அண்ணி, இது கீழ்வேளூர் வாய்க்கால் நீச்சல்!"

உண்மைதான். எங்கள் ஊர் வாய்க்காலில் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்தே நீந்திப் பழகியவள் நான். குளத்தின் மறுகரை சேர்வதற்குள் மூச்சு முட்டும்.

"மூச்சு பத்தலைன்னு நினைக்கிறீங்க. அப்படியில்ல அண்ணி, பழைய மூச்சை விடாம புடிச்சு வச்சிருக்கீங்க. முகம் உள்ள இருக்கும்போதே குமிழ் குமிழா விட்டுடுங்க. மூச்சு வாங்க தலையைத் தூக்காதீங்க, உடம்போட சேர்த்துத் திருப்புங்க. ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்."

எத்தனை காலைகள் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் செய்தோம்! ஒருநாள் நிற்கத் தோன்றாமல் போய்க்கொண்டே இருந்தேன். கரையோரம் கூடவே நடந்து நீ போட்ட சத்தத்தில் குளமே திரும்பிப் பார்த்தது. இருவரும் போட்டிக்குப் பெயர் கொடுத்தது அன்றுதான்.

பிறகு அந்த டெங்குக் காய்ச்சல். ஒரு வாரம்கூட உன்னை வைத்துக்கொள்ள முடியவில்லையே, மீனா?

அதன்பிறகு உன் அண்ணன் உன் பெயரையே சொல்லவில்லை. நான் குளத்துக்குக் கிளம்பியபோது, "அவளே இல்ல, இன்னும் எதுக்கு அங்க போற?" என்றார்.

"அவ இல்லைன்னுதாங்க போறேன்."

அவர் வெளியே போய்விட்டார்.

போட்டியன்று காலையில் அவரே காரை எடுத்து நின்றார். குளத்தின் கடைசியில் எத்தனையாவது சுற்று என்று பலகை காட்ட ஓர் ஆள் வேண்டும். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு, வேட்டி நனைய முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

பாதியில் உன் நினைவு வந்தது. மூக்கில் தண்ணீர் ஏறி, சுவரைப் பிடித்துவிட்டேன்.

"முடியலன்னா ஏறிடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று குனிந்தார்.

மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு முகத்தை உள்ளே வைத்தேன். நெஞ்சிலிருந்த காற்றை எல்லாம் விட்டேன். பிறகு சுவரை உதைத்தேன். மற்றவர்கள் கரையேறித் தலை துவட்டிய பிறகும் நான் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தேன். கடைசியாகத்தான் வந்தேன், ஆனால் முழுதாக வந்தேன்.

துண்டை நீட்டியபடி உன் அண்ணன் சொன்னார், "மீனா இருந்தா உன்னைப் பாதியிலேயே தாண்டியிருப்பா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே ஈரப்படியில் உட்கார்ந்து அழுதார். உனக்காக அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

தஞ்சாவூர் வரும்வரை உன் பேச்சுதான். சின்ன வயதில் குடவாசல் மதகிலிருந்து நீ குதித்தாயாம், அடி அவருக்கு விழுந்ததாம். இதையெல்லாம் என்னிடம் நீ சொன்னதே இல்லையே?

இனி இந்த வீட்டில் உன் பெயர் தினமும் பேசப்படும், மீனா. அவர் எத்தனை முறை சொன்னாலும் முதல்முறை கேட்பதுபோல உட்கார்ந்து கேட்பேன். அது என் பொறுப்பு.

உன்னோடு சேர்ந்து நனைந்த
உன் அண்ணி,
கமலா