கனகாம்பர விதைக்கு ஓடிய தம்பிக்கு

என் சாமி செல்வம்,

வேலியோரம் நீ வரிசையாக வளர்த்த செடிகளை நானே வெட்டிப் போட்டேன். வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் இதை எழுதுகிறேன். செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம், எல்லாவற்றையும் அருவாளால் கொத்தினேன். கை ஓயும்வரை கொத்தினேன்.

அந்தச் செடிகள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஈரம் பட்டால் கனகாம்பரக் காய் வெடித்து விதை சிதறிவிடும் என்று, முதல் தூறல் விழுந்ததுமே கிண்ணத்தோடு ஓடினாயே, என்ன அவசரம்? நாலு விதை போனால் போகட்டும் என்று இருந்திருக்கக் கூடாதா? இலைக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பங்காளி பெரியசாமி இழுத்துவிட்டிருந்த கரண்டுக் கம்பி உன் காலில் பட்டது. அவன் குச்சிக்கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப்பன்றிக்காம். பகலில்கூட நிறுத்தாமல் விட்டிருக்கிறான், பாவி. காய்ந்த மூங்கிலால் கம்பியை அடித்துத் தள்ளினேன். அதற்குள் நீ போய்விட்டாய். உன் பாதம் கருகிய வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அவன் ஜாமீனில் வந்துவிட்டான். வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானா? பூச்செடியைப் பன்றி கிளறாமல் இருக்க நீயே அந்தக் கம்பியைக் கட்டினாய் என்று, பஸ் நிற்கிற இடத்தில் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்றதை அவன் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அருவாளை எடுத்தேன். அவனைக் கொல்லத்தான் போனேன் கண்ணு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டான். கதவை வெட்டினேன். பலகை பிளந்தது. உள்ளே அவன் பெண்டாட்டி அலறினாள், அவன் வெளியே வரவேயில்லை. திரும்பி வந்தால் உன் செடிகள் பூத்துக்கொண்டு நிற்கின்றன. அன்றைக்கா பூக்க வேண்டும்?

உன் பெண்டாட்டி மல்லிகா ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவள் முழங்கையில் வெட்டு விழுந்தது. இரத்தம் வழிந்தும் அவள் பிடியை விடவில்லை.

"அவரை ஒருக்கா கொன்னது பத்தாதுங்களா, அண்ணி?" என்றாள்.

அருவாளைக் கீழே போட்டேன்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் பெரியசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே வகையறா, கேஸை இழுக்காதே, கம்பி யார் கட்டியது என்று தெரியாது எனச் சொல்லிவிடு என்றார்கள். கம்பியின் மறுமுனை அவன் மோட்டார் கொட்டகைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். பெரியசாமி தலை நிமிரவில்லை.

"பன்னிக்குத்தானுங்க அக்கா வெச்சேன்" என்றான்.

"இப்பச் சொன்னயே, இதையே கோர்ட்டுலயும் சொல்லு" என்றேன். துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

வெட்டிய செம்பருத்தி அடிக்கட்டையில் துளிர் விட்டிருக்கிறது. மிச்சமிருந்த விதையை மல்லிகா நாற்று விட்டு, கட்டுப்போட்ட கையால் தண்ணீர் தெளிக்கிறாள். நான் கிட்டே போவதில்லை. எனக்கு இன்னும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை, நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

அடுத்த மாதம் மலையிறங்கி, காரவள்ளி வழியாக நாமக்கல் கோர்ட்டுக்குப் போகிறேன். கம்பி யாருடையது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சொல்லிவிட்டு வந்த பிறகும் அவன் பக்கத்து வீட்டில்தான் இருப்பான். தினமும் அவனைப் பார்ப்பேன், தினமும் வெட்டத்தான் தோன்றும். வெட்டமாட்டேன். உனக்காக இல்லை, மல்லிகாவுக்காக.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
பாப்பாத்தி