உப்புத் தொட்டிக்கு மஞ்சள் தண்ணீர்

திங்கள்

விடியும்போதே மழை. கூலிம் ரோட்டில் ஜாம். எங்கள் பட்டறையில் உப்புத் தொட்டி வந்து இறங்கிவிட்டது! பழைய சரக்கு, ஆனால் என் பொறுப்பு. உருகிய உப்பில் இரும்பு அச்சை முக்கினால் மேல்தோல் கெட்டியாகும், சீக்கிரம் தேயாது. இதுவரை அச்சுகளை இதற்காகவே பினாங்குக்கு அனுப்பினோம். நச்சரித்து வாங்க வைத்தவள் நான். முதல் பேட்ச் சொதப்பினால் தொட்டியை விற்றுவிடுவாராம் பாஸ்.

வாங்க வேண்டியவை: கையுறை, புது அரம், சூடம்.

செவ்வாய்

வெயில். உப்பு உருகுகிறது. பார்க்க என்ன சாது! ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டி அண்ணே (இனி மு. அண்ணே) நாளைய தொட்டிப் பூஜைக்குப் பாடாங் செராய் கோயிலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொண்டு வருகிறாராம்.

"தொட்டில தெளிச்சா நல்லதுலா, தங்கச்சி."

"அண்ணே, ஒரு சொட்டு விழுந்தாலும் உப்பு வெடிச்சு மூஞ்சில அடிக்கும்!"

"சாமி தண்ணி எப்படிமா அடிக்கும்?"

சிரித்துச் சிரித்து வயிறு வலி. கடைசியில் சமாதானம்: கன்ட்ரோல் பெட்டிக்குப் பொட்டு, தேங்காய் உடைப்பது வாசல் கேட்டுக்கு வெளியே.

புதன்

பூஜை ஜோர். பாஸுக்கு நான்கு வடை. பூஜை நீண்டதில், அடுப்பில் காயவைத்து எடுத்த அச்சுக் கூடை ஆறியே போய்விட்டது. கொக்கியில் மாட்டித் தூக்கியாயிற்று, தொட்டி வாய்க்கு நேராக. ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. அச்சுத் துளைகளில் தண்ணீர்!

"நிறுத்து!" என் குரலா அது?

மு. அண்ணே முகம் வெளிறிப்போய்: "தொட்டிலதானேமா வேணாம்னு சொன்னே. கூடைக்கு லேசா..."

கோபம்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கூடை திரும்ப அடுப்புக்குள். டாய்லெட்டில் போய்க் கொஞ்சம் அழுதேன், பயத்தில். பிறகு முக்கினோம். ஒரு சீறல்கூட இல்லை.

வியாழன்

அச்சுகள் கறுப்பாக, வழவழவென்று. பாஸே அரத்தை எடுத்து ராவினார். வழுக்கியது. இன்னும் அழுத்தினார். கீறலே இல்லை.

"பாகுஸ், நல்லா வந்திருக்கு! தொட்டி இங்கேயே இருக்கட்டும்."

சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோருக்கும் தே தாரிக் டீ, என் செலவில்.

வெள்ளி

மறுபடி மழை. காலையிலேயே மு. அண்ணே, கையில் துண்டு சுற்றிய பொட்டலம். உள்ளே வீட்டுத் தேங்காய்த் துருவி, பல் புதிதாகத் தீட்டியது. முக்கித் தர வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள்:

"ஹேர் ட்ரையர்ல காய வச்சாச்சுலா! மோட்டார் பைக்ல நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்தேன். நான்தான் நனைஞ்சேன், அது நனையல."

தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருக்கிறார். துருவியை வாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, இது உள்ள வரலாம். நீங்க தரையில போட்ட மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க."