ஒரே பெயரில் ஓடிய இரண்டு கடல்முரசு

அலை தொடும் கரையெல்லாம் ஆணை செல்லும் அலைவாய் நாட்டின் அரசி, உப்பளங்களின் காவற்செல்வி, என் உடன்பிறந்த மூத்தவர் குவளைநாச்சியார் திருமுன், மலையரண் பேரரசின் சர்வர் மண்டபத்துக் கண்காணிப்பு அமைச்சன் எயினன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அளங்களில் வெயில் நிலைக்குக. மதகுகள் உறுதியாய் நிற்க. எழுத்தாணியால் எழுதப் பொழுதில்லாமையால், வாயால் சொல்லி ஓலைப்பொறியில் பதிப்பிக்கிறேன். சொற்கள் முன்பின்னாய் வரின் பொறுத்தருள்க.

முதலில் வேண்டுவது ஒன்று. மதகு காவலர் திரையனை நாடு கடத்தும் கப்பல் இன்னும் துறையில் நின்றால், அதை நிறுத்துக. காரணத்தைப் பிறகு படிக்கலாம்.

வெள்ளம் அளங்களில் புகுந்தபின் தாங்கள் என்னிடம் ஒன்று கேட்டிருந்தீர்கள்: எங்கள் மலையிலுள்ள மேலணை திறந்தவுடன் தங்கள் மதகு வீட்டு முரசை ஒலிக்கச் செய்யும் 'கடல்முரசு' என்னும் நிரல் அன்று நின்றுபோயிருந்ததா என்று. மண்டபத்தில் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை, ஆகவே நிரல் நிற்கவில்லை என்று மறுமொழி விடுத்தேன். அச்சொல்லை நம்பியே, முரசு கேட்டும் மதகை அடைக்காதவர் என்று திரையன்மீது தீர்ப்பு விழுந்தது. அவர் அவையில் நின்று, "முரசு அடிச்சா எங்கூட்டு நாயே எந்திரிச்சு ஓடும். அன்னிக்கு அடிக்கலீங்கம்மா" என்றதையும், "உப்பு மூட்டையில சாஞ்சு ஒறங்கிட்டு, நாயைச் சாட்சிக்கு இழுக்கிறான் பாரு" என்று அவையோர் நகைத்ததையும் தங்கள் ஓலையில் படித்தேன். படித்து நானும் நகைத்தேன், அக்கா.

மண்டபத்துச் சர்வர்களில் ஓடும் நிரல்கள் எண்ணிலடங்கா. அத்தனைக்கும் காவல் வைத்தால் மணி ஓயாது. ஓயாத மணியை எவரும் செவிமடுப்பதில்லை. ஆகையால் உயிருக்கும் விளைச்சலுக்கும் இன்றியமையாத சிலவற்றை மட்டும் தேர்ந்து, அவற்றின் பெயர்களைக் கண்காணிப்பு நிரலிடம் ஒப்படைத்திருக்கிறோம். அப்பெயருடையது ஓடிக்கொண்டிருந்தால் மணி அமைதியாயிருக்கும், இல்லையேல் ஒலிக்கும். கடல்முரசும் அவ்வாறு தேர்ந்தவற்றுள் ஒன்று.

இந்நாட்டில் நிரலுக்குப் பேரவை கூடிப் பெயர் சூட்டும். சூட்டிய பெயரில் ஓரெழுத்தும் மாற்றலாகாது. ஒத்திகைக்காக ஓடவிடும் நகல் படியும் அதே சர்வரில் அதே பெயரையே தாங்கி ஓடும். இவ்வழக்கத்தைப் பெருமையாகக் கருதினோமே தவிர, எவரும் ஐயுற்றதில்லை.

நேற்று ஒத்திகைப் பொறுப்பிலுள்ள இளநாகை என் முன் வந்து நின்றாள். "ஐயா, போன ஒத்திகைக்கு நான் ஓட விட்ட கடல்முரசு இன்னும் ஓடிட்டு இருக்கு. அது யாருக்கும் சேதி அனுப்பாது, சும்மா ஓடும். இது ஒண்ணுதான் இருக்கு. நிஜமானது எங்கேங்க?" என்றாள்.

உண்மையான கடல்முரசு, மேலணை திறப்பதற்கு முன்பே விழுந்து மடிந்திருந்தது. அதன் பெயரைத் தேடிய கண்காணிப்பு நிரல் ஒத்திகைப் படியைக் கண்டு நிறைவடைந்தது. மணி ஒலிக்காததைக் கண்டு நானும் நிறைவடைந்தேன். அலைவாயில் மட்டும் முரசு ஒலிக்கவில்லை.

மூத்த கண்காணி வல்லங்கிழார் என்னைத் தனியே அழைத்து, "மணி அடிச்சுதா இல்லையான்னு பாத்தோம், அடிக்கல, சொன்னோம். அதுல பொய் ஏது தம்பி? மதகுக்காரன் ஊருக்கு ஊர் கெடைப்பான். நீ வேலைய விட்டுட்டு எந்த ஊருக்குப் போவ?" என்றார். பிழைக்க வந்தவனுக்கு அது ஒதுங்க ஏற்ற நிழல். ஒரு பொழுது அதில் ஒதுங்கியும் நின்றேன். பிறகு, கப்பலேறும் திரையனுக்கும் இதே கேள்விதானே என்று தோன்றியது. அதற்குமேல் நிற்க இயலவில்லை.

ஆதலின் தங்களிடம் வேண்டுவது: கப்பல் புறப்பட்டிருப்பின் விரைபடகு விடுத்து அவரை மீட்டருள்க. முரசு ஒலிக்கவில்லை என்று அவர் சொன்னது மெய் என, நகைத்தவர்கள் அமர்ந்திருக்கும் அதே அவையில் உரக்கச் சொல்லப்படுக. தவறு என் மண்டபத்தது, மறுமொழி என்னுடையது என்பதும் அங்கே சொல்லப்படுக. மதகுக்குத் திரும்ப மாட்டேன் என்று அவர் சொன்னால், வற்புறுத்த நமக்கு முகமில்லை.

என் மண்டபத்துக்கு இன்று இட்ட ஆணை: ஒத்திகைப் படி இனி வேறு சர்வரில் மட்டுமே ஓடுக. தேர்ந்த நிரல் ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று மட்டும் பாராமல், தன் வேலையைச் செய்ததா என்றும் பார்க்கப்படுக. கடல்முரசு நாள்தோறும் காலையில் ஒரு முறை ஒலிக்கும். கேட்டேன் என்று மதகு வீட்டிலிருந்து மறுமொழி வந்தால் மட்டுமே இங்கே மணி அடங்கும்.

முதல் மறுமொழி திரையனுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது வரும்வரை மணி ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். எவர் முறையிட்டாலும் அதை நிறுத்தலாகாது.

மண்டப முத்திரையின்கீழ் என் கைவிரல் ரேகையும் பதித்து விடுத்தேன். இவ்வோலை தங்கள் கை சேர்க.