அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து படித்த கோடை

2.5.2008, வெள்ளி

மதுரையிலிருந்து புதுப் புத்தகங்கள் வந்துவிட்டன. பட்டாசுப் பெட்டியில்தான் வந்தன. எங்கள் ஊரில் கல்யாணச் சீரே பட்டாசுப் பெட்டியில்தான் போகும். மேலே சரவெடிப் படம், உள்ளே சேலையும் பாத்திரமும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாரணாபுரத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பெரிய பிள்ளைகள் போகிற இடம் ஒன்றுதான், பட்டாசுக் கம்பெனி. அதைத் தடுக்க என்னால் முடிந்தது, வீட்டு முன்னறையைத் திறந்து வைப்பது. டீச்சர் வீட்டுக்குப் படிக்கப் போகிறோம் என்றால் பெற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் ஒரு புதுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை ஏன் படிக்கலாம் என்று சொல்வேன். இன்று சின்னவர்களுக்குக் கூடு கட்டத் தெரியாத தூக்கணாங்குருவி. பெரியவர்களுக்கு, வீட்டில் சொல்லாமல் சைக்கிளில் ராமேஸ்வரம் போகிற பெண். நான் பாதி சொல்வதற்குள் சொர்ணலட்சுமி கையை நீட்டிவிட்டாள். ஒன்பதாவது முடித்திருக்கிறாள். எனக்குச் செல்லம், மறைக்கவும் எனக்குத் தெரியாது.

நடுவில் டம்மென்று ஒரு சத்தம். புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். எங்கோ கிணறு வெட்ட வெடி வைக்கிறார்களாம். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை.

6.5.2008, செவ்வாய்

பெஞ்சு கேட்டால் பெட்டி கொண்டு வருகிறார் என் வீட்டுக்காரர் சாலமன்ராஜ். ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். இவரிடம் உதவி கேட்டால் இல்லை என்ற சொல் வராது என்று ஊருக்கே தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல்.

"பிரஸ்ல கழிச்ச ஷீட்டு. ஓரமாக் கெடக்கட்டும், பிரிக்காத" என்றார்.

நாலு பெட்டி. பிரிக்க எனக்கு நேரம் ஏது? பிள்ளைகள் உடனே ஏறி உட்கார்ந்தாச்சு. சன்னலோரப் பெட்டி சொர்ணத்துக்கு. அவளோடு ஒட்டிக்கொண்டு, ஜவுளிக்கடை சம்சு பாயின் கடைக்குட்டி சுமைரா. இனிமேல்தான் ஒன்றாம் வகுப்பு.

8.5.2008, வியாழன்

கரண்ட் போய்விட்டது. ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை! மெழுகுவர்த்தியை ஏற்றிப் பெட்டி மேல் ஒட்ட வைத்தேன். சொர்ணம் உரக்க வாசித்தாள், பாம்பன் பாலத்தில் சைக்கிளைக் காற்று தள்ளுகிற இடம். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும், அது என் கோளாறு.

10.5.2008, சனி

சொர்ணத்திடமிருந்து சைக்கிள் புத்தகம் திரும்பி வந்தது. பக்கமெல்லாம் வெள்ளி நிறத்தில் விரல் ரேகை.

அலுமினியப் பொடி. பட்டாசுக்குப் போடுகிற மருந்தில் அது உண்டு. கையில் ஏறினால் லேசில் போகாது. இந்த ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியானால் பகலில் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் முன்னால் உட்காருகிறாளா?

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மூக்கம்மாள் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் கேட்ட தோரணை சரியில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

"இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம் டீச்சர். எம் பிள்ள கம்பெனி வாசல மிதிக்கல. நான் ஒருத்தி அங்கன கெடந்து அல்லாடுறது போதாதா? ஒங்க வீட்டுக்குத்தான வருது!"

சொர்ணம் என்னை நேராகப் பார்த்தாள். பொய் சொல்கிற பிள்ளையின் முகம் இல்லை அது. அப்படியானால் பொடி எங்கிருந்து வந்தது?

12.5.2008, திங்கள்

படுத்துப் பார்த்தேன், எழுந்துவிட்டேன். எழுதினாலாவது மனசு அடங்குமா?

சுமைரா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். பாவாடையின் பின்பக்கம் பளபளவென்று வெள்ளி. ஒன்றாம் வகுப்புக்கூடப் போகாத பிள்ளை. அவள் எந்தக் கம்பெனிக்குப் போனாள்?

அவள் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தேன். மூலையில் டேப் பிரிந்திருந்தது. தரையில் சாம்பல் நிறமாகக் கொஞ்சம் சிந்தியிருந்தது. பெட்டியின் மேலே, மெழுகு உருகி உறைந்த வட்டம். நான் வச்சது. நானேதான் தீக்குச்சி கிழிச்சு வச்சேன்.

"எல்லாரும் வெளிய போங்க. ஓடாதீங்க. புத்தகத்தை அப்படியே வச்சிட்டு மெதுவா" என்றேன். குரல் எப்படிச் சாதாரணமாக வந்தது என்று தெரியவில்லை. சொர்ணம் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுமைராவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் வரும்வரை வாசலில் நின்றேன். கேட்டதும் ஒத்துக்கொண்டார். பலவேசம் என்று இவருக்கு ஒரு கூட்டாளி, லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வெடி செய்கிறவன். ரெய்டு வருகிறதென்று கொடுத்து வைத்திருக்கிறான்.

"செஞ்சு முடிச்ச வெடின்னுதான் சொன்னான் ரீனா, பொடின்னு சொல்லல. ரெண்டு நாள்ல எடுத்துக்கிடுவேன்னான். நம்ம ஊர்ல எந்த வீட்டுல பெட்டி இல்ல?"

"பொடி சிந்திக் கெடக்கு. பிள்ளைக அது மேல உக்காந்துச்சு, நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"சும்மா உக்காந்தா என்ன ஆகப்போகுதுன்னு..."

"மெழுகுவர்த்தி வச்சேங்க அது மேல."

அவர் கயிறு தேட ஆரம்பித்தார். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கண்மாயில் கொட்டிவிடுகிறேன், வெளியே தெரிந்தால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றார். அந்தப் பெட்டிக்கு வழியில் ஒரு உரசல் போதும். இவரை ஜெயிலில் பார்ப்பதா, துணியில் சுற்றிய பிணமாகப் பார்ப்பதா? தெருமுக்கு டெலிபோன் பூத்துக்குப் போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டேன்.

கர்த்தரே, நான் செய்தது சரியா?

13.5.2008, செவ்வாய்

தீயணைப்புக்காரர்கள் பெட்டிகளை ஈரச்சாக்கு போர்த்திக் கண்மாய்க்குக் கொண்டுபோய் அழித்தார்கள். இங்கே வரைக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் முன்னறை எம்புட்டுச் சின்னது என்று எனக்குத் தெரியும்.

அவரைப் போலீஸ் கூட்டிப்போனது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

17.5.2008, சனி

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். யாரும் வரவில்லை.

21.5.2008, புதன்

அவர் ஜாமீனில் வந்துவிட்டார். பலவேசம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீரில் நனைந்த புத்தகங்களை மாடியில் ஒவ்வொன்றாக விரித்து வைக்கிறார். என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறார்.

கடைத்தெருவில் சம்சு பாயைப் பார்த்தேன். "லீவு முடியட்டும் டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துலயே படிச்சுக்கிடட்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

24.5.2008, சனி

சொர்ணம் வேலைக்குப் போகிறாள்.

கேட்டதும் ஓடினேன். மூக்கம்மாள் என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்:

"கோவிச்சுக்கிடாதீக டீச்சர். இங்கன தனியா விட்டுட்டுப் போக இப்பப் பயமா இருக்கு. கம்பெனியிலன்னா எது மருந்து, எது பேப்பருன்னு எனக்குத் தெரியும். எங் கண்ணு முன்னாடி இருக்கும். ஒங்க வீட்டுல ஒங்களுக்கே தெரியலையே."

சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்ததற்குக் கம்பெனி மேல் புகார் கொடுப்பேன் என்றேன்.

"குடுங்க. வீட்டுக்காரரையே புடிச்சுக் குடுத்தவக. அந்தக் கம்பெனிய மூடுனா, பிள்ளைக அம்புட்டும் பலவேசம் மாதிரி ஆளு வீட்டுக்குள்ள ஒக்காந்து மருந்து இடிக்கும். பரவாயில்லையா?"

எழுந்து வந்துவிட்டேன். பிள்ளைகளை எங்கே போகவிடக் கூடாது என்று கதவைத் திறந்து வைத்தேனோ, அங்கேயே நானே அனுப்பிவிட்டேன். எப்படி இதை ஆற்றிக்கொள்வது?

30.5.2008, வெள்ளி

கம்பெனி வேன் காலையில் கோயில் முக்கில் நின்று ஆள் ஏற்றும். நான்கு நாளாக நானும் போய் நிற்கிறேன். வயசு கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்லிச் சொர்ணத்துக்குச் சேலை கட்டிவிட்டிருக்கிறார்கள். நடக்கத் தெரியாமல் தடுக்குகிறது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். சன்னல் வழியாகக் கேட்டாள், "புதுசு ஏதும் வந்திருக்கா டீச்சர்?"

அன்றிலிருந்து, வேன் நிற்கிற நேரத்துக்குள் ஒரு புத்தகம் சொல்கிறேன். இன்று, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் கலங்கரை விளக்கத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கதை. விளக்கு அணைந்துபோகிறது, கடலில் ஒரு தோணி. டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்கலாம், நேரம் இருந்தது. முடிக்கவில்லை. மீதிக் கதை பாக்கியிருந்தால் சாயங்காலம் வந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. வேதம் படிக்கிறவள் நம்பக்கூடியதா இது? நம்புகிறேன்.

பகலெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனி இருக்கிற தாயில்பட்டிப் பக்கமிருந்து ஏதோ வெடித்த மாதிரி கேட்டது. "இடிதான்" என்றார் அவர். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வேன் வரத் தாமதம். முக்கில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் நின்றார். வேன் வந்தது. மூக்கம்மாள் இறங்கினாள், பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொர்ணம்.

"அந்தத் தோணி என்னாச்சு டீச்சர்?"

கரை சேர்ந்துவிட்டது என்றேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் தேடினேன். நாளைக் காலைக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் தடிமனான புத்தகம்.