என் உடல்நிலையும் உன் ரொட்டி இயந்திரமும்

இராஜபாளையம்,
14 செப்டம்பர் 1996.

அன்புள்ள செண்பகவல்லிக்கு, உன் அம்மா எழுதுவது.

இன்று எனக்கு வயது எழுபத்தோர் ஆண்டு, நான்கு மாதம், ஒன்பது நாள். கடிதத்தை ‘நலம்’ என்று தொடங்குவது மரபு. அந்தச் சொல்லை நான் எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஆகவே அதை எழுதாமல், நிரூபிக்க முயல்கிறேன்.

நேற்று முன்தினம் தொலைபேசியில் நீ அழுதாய். அழுகிறவளோடு வாதம் செய்ய முடியாது. அழுகைக்கு நடுவே நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எனக்கு வயிற்றில் கட்டி என்று உன் மாமனார் சொல்லியிருக்கிறார், நீ அக்டோபர் ஐந்தாம் தேதிக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டாய், ஒன்பது ஆண்டு காத்திருந்து லீட்ஸில் கிடைத்த ஆய்வுக்கூட வேலையை, சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், விட்டுவிட்டு வரப்போகிறாய். முதலாவது பொய். எனவே மற்றவை முட்டாள்தனம்.

அந்தக் கட்டி எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், உன் ரொட்டி இயந்திரத்திலிருந்து.

மே மாதம் மாப்பிள்ளை அதைக் கைக்குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு வந்தார். மாவையும் தண்ணீரையும் போட்டுப் பொத்தானை அழுத்தினால் மூன்றரை மணி நேரத்தில் ரொட்டி, அத்தை இனி அடுப்படியில் நிற்கவே வேண்டாம் என்றார். அவர் போன பிறகு பார்த்தால், அதன் சதுர முள் பிளக் இந்த வீட்டின் எந்தச் சுவரிலும் நுழையவில்லை. அதை வெட்டி வேறு மாட்ட வந்த மாரிச்சாமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இம்புட்டுத் தொட்டியில ஒரு சேலைக்கு மேல தொவைக்க முடியாதே என்று வருத்தப்பட்டார். உன் அன்பளிப்பைப் பற்றி இதுவரை நான் கேட்ட கருத்துகளில் அதுவே அறிவார்ந்தது.

முதல் ரொட்டி பிசைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. திரும்பி வந்ததும் இயந்திரம் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து பிசையத் தொடங்கியது. விளைந்தது செங்கல். இரண்டாவது, நம் ஊர் வெக்கையில் அளவுக்கு மீறிப் பொங்கி நடுவில் குழி விழுந்தது. ஒரு வாளியிடம் தோற்பதற்காக நான் சென்னையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கவில்லை. ஈஸ்ட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றினேன். வோல்டேஜ் இறங்குமுன் காலை ஐந்து மணிக்கே தொடங்கினேன். ஜூன் பாதியில் ரொட்டி ஒழுங்காக வந்தது. அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பம். நான் தின்பது மூன்று துண்டு. அது தருவது பதினாறு.

அதனோடு வந்த புத்தகத்தில், மிஞ்சிய ரொட்டியை என்ன செய்யலாம் என்று கடைசியில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. உணவைச் செய்ய ஒரு கருவி, அதை ஒழிக்க ஓர் அத்தியாயம்! வெள்ளைக்காரர்கள் இருநூறு ஆண்டு நம்மை ஆண்டார்கள் என்பதை அதைப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. புட்டிங் என்ற பண்டம், பல் இல்லாதவர்களுக்காகப் பல் இல்லாத ஒருவர் கண்டுபிடித்தது. ரஸ்க்குக்காக மாடியில் காயப்போட்ட துண்டுகளைக் காக்கைகள் தூக்கிப்போய், யோசித்து, திரும்பக் கொண்டுவந்து போட்டன. எதிர்வீட்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. உப்புமா சுமார். ஆனால் காய்ந்த துண்டுகளை மோரில் ஊறவைத்து, கொஞ்சம் அரிசிமாவு, சீரகம், பச்சை மிளகாய் சேர்த்துக் கரைத்துத் தோசையாக ஊற்றினேன். அது நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. எஞ்சியதை, பாத்திரம் விளக்க வரும் சுடலைமாடத்தி தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பதின்மூன்று ஆண்டு அங்கே இருந்ததில் உனக்கு ஒன்று மறந்திருக்கும். நம் ஊரில் ரொட்டி உணவு அன்று. அது ஒரு செய்தி. பெரியாஸ்பத்திரி வாசலில் வாங்கி, பாலில் தோய்த்து, படுத்திருப்பவர் வாயில் வைப்பது. நாள்தோறும் காலை எட்டரைக்கு ஒரு வீட்டிலிருந்து ரொட்டி வாசனை வந்தால் தெரு என்ன நினைக்கும்? சுடலைமாடத்தியைக் கேட்டிருக்கிறார்கள். அவளோ, டீச்சரம்மா ரெண்டு மாசமா பிரட்டுதான் திங்காக, அம்புட்டும் எறங்காம மிச்சத்த எனக்குத் தாராக என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். ஜூலையில் எனக்குக் குடல்புண். ஆகஸ்டில் அது கட்டி. ஈஸ்ட் வாங்கப் போனபோது பேக்கரி அல்லா பிச்சை குரலைத் தாழ்த்தி, நீங்க எதுக்கும்மா சிரமப்படுதீங்க, உப்பில்லாம நானே தனியாச் சுட்டு அனுப்புதேன், காசு பொறவு பாத்துக்கிடலாம் என்றார். ஏதோ வியாபார நாகரிகம் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படித்த முட்டாள் என்று என்னையும் நீ சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ரொட்டி. ரொட்டியால் நோயாளியான ஒருத்திக்கு ஒரே வாரத்தில் பதினொரு ரொட்டிப் பொட்டலம்! என் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் நாடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் மாமனார் சௌந்தரபாண்டியன் வந்தார். கோர்ட்டில் முப்பத்தைந்து ஆண்டு பிறர் எழுதியதை நகலெடுத்தவர். சொந்தமாக அவர் இயற்றிய முதல் ஆவணம் என் வியாதிதான். எப்போது வந்தாலும் பால்கோவாவோடு வருகிற மனிதர், அன்று இரண்டு ரொட்டிப் பொட்டலத்தோடு இறங்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். எல்லா நோயாளியும் அப்படித்தான் சொல்லுதாக என்றார். சாகுல் ஹமீது கடையிலிருந்து இரண்டு முட்டை பரோட்டா வரவழைத்து, சால்னாவோடு அவர் கண்ணெதிரே தின்று காட்டினேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசப்பட்டதச் சாப்பிடட்டும், இனிமே பத்தியம் எதுக்கு என்றார். பொறுமையிழந்து கத்தினேன். அவர் அடுப்படிக்குப் போய், வலி தாங்காமத்தான் மைனி இப்படி ஏசுதாக, நீ ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாத தாயி என்று சுடலைமாடத்தியைத் தேற்றினார். ஊருக்குத் திரும்பியதும் உன்னை அழைத்திருக்கிறார்.

நேற்று மதுரைக்குப் போய் வயிற்றை ஸ்கேன் செய்துகொண்டேன். அறிக்கை இத்துடன் இருக்கிறது. கட்டி இல்லை, புண் இல்லை, கல் இல்லை. ஆனால் அது உனக்குப் போதாது என்று அறிவேன். ஏனென்றால், அப்பாவுக்கும் இப்படித்தானம்மா எழுதினீங்க என்று தொலைபேசியில் சொன்னாய். அன்று நீ பேசியதில் அறிவுள்ள வாக்கியம் அது ஒன்றே. அதைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிட்டேன். பதில் இப்போது எழுதுகிறேன்.

1985இல் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். அப்பாவுக்கு மஞ்சள்காமாலை, தேறி வருகிறார், நீ கவலைப்படாதே என்று. நவம்பர் ஒன்பதாம் தேதி தந்தி அடித்தேன். டாக்டர்கள் எங்களை ஏமாற்றிவிட்டார்கள், நானே எதிர்பார்க்கவில்லை என்று இந்தப் பதினோரு ஆண்டும் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை, செண்பகவல்லி. அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி மதுரையில் டாக்டர் என்னை உட்காரச் சொல்லி, மூன்று வாரம் என்றார். மூன்று கடிதங்களையும் அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

அவை உன்னிடம் இருந்தால் எடுத்துப் படித்துப் பார். டாக்டர் தெய்வம் போன்றவர், அண்டை வீட்டார் தங்கமானவர்கள், உன் மாமனார் நாள் தவறாமல் வந்து உதவுகிறார் என்றெல்லாம் எழுதியிருப்பேன். மூன்றிலும் ஒருவரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் இராது. நான் பொய் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். இப்போது இந்தக் கடிதத்தை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார். ஸ்கேன் அறிக்கையை விட இது நம்பத்தக்கது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன்னைப் பார்க்க வேண்டும் என்று அப்பா இரண்டு முறை சொன்னார். ஜனவரியில் வருகிறாள் என்றேன். லீட்ஸிலிருந்து நீ ஓடிவந்து கட்டிலருகே நின்றிருந்தால் அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். ஜனவரி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் பயமில்லாமல் இருந்தார். உன் அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கச் சொன்னார். ஆளை வரவழைத்து அடித்தேன். அவருக்கு அதைக் கொடுப்பதற்காக உன்னிடமிருந்து எதை எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் எடுத்தேன்.

கூரியரில் அனுப்புகிறேன், ஒரு வாரத்தில் கிடைக்கும். சீட்டை ரத்து செய். திங்கட்கிழமை தவறாமல் வேலைக்குப் போ. என்மேல் கோபமாக இருப்பதானால் இருந்துகொள், அது நியாயம். ஆனால் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இரு. நீ இங்கே வந்து நான்கு ஆண்டாகிறது. ஏப்ரலில் விடுமுறை வரும் அல்லவா? எனக்கு ஒன்றும் இல்லாதபோதே ஒரு தடவை வா.

உன் அம்மா,
பெத்தம்மாள்.