யார் நிற்க வைத்தது

திண்டுக்கல், 2.3.2002, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் புளி போட்டுத் துலக்கினேன். எங்கள் கல்லூரி என்.சி.சி. மாணவியர் படைக்கு இன்று ஆய்வு. எட்டு மணிக்கு வரவேண்டிய கர்னல் பத்தரை வரை வரவில்லை.

ஒன்பது மணிக்கே படைத்தலைவி ஜெசிந்தா என்னிடம் வந்தாள். "மிஸ், செத்த நேரம் நெழல்ல உக்காரச் சொல்லவா? சின்னப்புள்ளைக சாப்புடாம வந்திருக்குதுக."

"வெயிலுக்குப் பயந்தவ எதுக்குடி காக்கி போட்ட?" என்றேன். பொறுப்பாசிரியை நான். அவள் திரும்பிப் போய் வரிசையில் நின்றாள்.

கர்னலின் ஜீப் நுழைந்தபோது முதலாண்டுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். தாடையில் இரண்டு தையல். யார் நிற்க வைத்தது என்று கர்னல் கேட்டார். நான் வாய் திறக்குமுன் ஜெசிந்தா, "நான்தான் சார்" என்றாள். அப்புறமும் நான் வாய் திறக்கவில்லை.

இனி வரும் போர்கள் கம்ப்யூட்டரில் நடக்கும், ஆனாலும் தன் ஆட்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் எந்தப் போருக்கும் ஆகமாட்டார் என்று கர்னல் அரைமணி நேரம் பேசினார். மரத் துப்பாக்கிகளோடு பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கைதட்டினேன். ராணுவ அதிகாரித் தேர்வுக்காக ஜெசிந்தா கேட்டிருந்த சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள். "விடுங்க மிஸ். சொன்னா ஒங்களுக்கு வேலை போயிரும். எனக்கென்ன, அப்பா கடையில உக்காந்துக்கிருவேன்" என்று சிரித்தாள்.

இரவு நன்றாகவே சாப்பிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

திங்கள்கிழமை விடிகாலை பஸ்ஸில் மதுரைக்கு, கர்னலின் அலுவலகத்துக்குப் போகிறேன். நிற்க வைத்தது நான் என்று கர்னலிடம் சொல்லப்போகிறேன். கையெழுத்தாகாத கடிதம் என் பையில் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.