ஓரத்துத் தோல்

திருநெல்வேலி,
பரிதாபி வருஷம், ஆவணி 12.

சௌபாக்கியவதி நீலாம்பாளுக்கு உன் அப்பா எழுதிக்கொண்டது. விடுதியில் வேளைக்குச் சாப்பாடு கொடுக்கிறார்களா? அம்மா தேறிவருகிறாள். மாப்பிள்ளை ஆனி மாதம் கங்கைகொண்டானில் வேறு பெண் எடுத்துவிட்டார். பிறர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே எழுதுவது நல்லது என்று நினைத்தேன். சரியோ, தவறோ.

உன் மாமியார் உன் பெட்டிகளோடு, கல்யாணச் சீராக நான் அனுப்பிய கன்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக் குறித்துத்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் உன் கையில் வட்டமாகத் தடிப்பு கண்டபோது, அதிலும் கன்றின் முகத்துச் சொறியிலும் சுரண்டி எடுத்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பூஞ்சணம். தோல் பூஞ்சணங்களை மனிதருடையது, பூனையுடையது, மாட்டினுடையது என்று வகை பிரித்து முப்பது பக்கம் எழுதி வைத்திருப்பவன் நான். மாட்டு வகையில் வித்துக்கள் பெரிதாக, மயிரைச் சுற்றி மணி கோத்ததுபோல் நிற்கும். அப்படியே நின்றன. ஆனால் இரண்டையும் ஒரே கத்தியால் சுரண்டியிருந்தேன். கன்றினுடையதுதான் கத்தியில் ஒட்டி வந்திருக்கும் என்று எண்ணி, 'கத்தி சுத்தமில்லை' என்று குறிப்பெழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் அந்த வட்டத்தில் ஊசியால் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். மாப்பிள்ளையும் அவர் தகப்பனாரும் நின்றிருந்தார்கள். நீ அசையவில்லை, பேசவில்லை. ஆண்கள் முன்னால் வலியைக் காட்டக் கூடாது என்று உன்னை வளர்த்தவன் நான். உன் கால் பெருவிரல் தரையை அழுத்தியதைப் பார்த்தேன். அதையும் சொல்லவில்லை. தோலில் உணர்ச்சி இல்லை, குஷ்டம்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே உன்னைக் குஷ்டரோக விடுதியில் கொண்டுபோய் விட்டோம்.

இப்போது கன்றைப் பார்த்துக்கொள்ளும் பிச்சைக்கண்ணுவின் முழங்கையில் அதே வட்டம். பதறிப்போய்க் கேட்டேன். அவன் சிரித்தான். "இது கன்னுக்குட்டிப் படைல்லா அய்யா. மாடு மேய்க்கவனுக்கு வருசா வருசம் வரும், மூணு மாசத்துல தானாப் போயிரும். இதுக்கா சின்னம்மாவ அங்கன கொண்டு விட்டிய?" என்றான். புதுக் கத்தியை நெருப்பில் காட்டி அவன் தோலைச் சுரண்டினேன். அதே மணிகள்.

டாக்டரிடம் ஓடினேன். "ஊசி குத்தினப்ப கல்லு மாதிரி நின்னாளே வே ஒம்ம மக! மாட்டுக்காரன் தோல எதுக்கு எங்கிட்ட காட்டுதீரு? அவ தோலக் கொண்டாரும், பார்ப்போம்" என்றார். முறைப்படி அவர் சொல்வது சரிதான்.

ஆகவே, வட்டத்தின் நடுவில் வேண்டாம், பூஞ்சணம் உயிரோடு இருக்கும் ஓரத்துத் தோலைச் சுரண்டி, இதனுடன் வைத்திருக்கும் தாளில் மடித்து அனுப்பு. அங்கே தரும் எண்ணெயைத் தடவாதே. ஆறிவிட்டால், சுரண்டிக் காட்டப் பூஞ்சணம் இருக்காது; எண்ணெயால் குஷ்டம் தீர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெயர் உன்னை விட்டுப் போகாது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பிச்சைக்கண்ணு சொன்னது மூன்று மாதம். தெரிந்தும், தினமும் காலையில் காந்திமதியம்மன் சந்நிதியில் நின்று, என் பெண்ணின் கையில் அந்தப் புண் ஆறாமல் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். நீயும் அப்படியே கும்பிட்டுக்கொள், அம்மா.

உன் அப்பா,
சங்கரசுப்பிரமணியன்